கண்கலங்க மறுத்த பேராசிரியர்

1

இந்தக் கதையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் சர்க்கரை மாத்திரை மீதும், பென்ஷன் புத்தகம் மீதும், அறுவை செய்த பிறகு பளிச்சென்று தெரியும் என் வலது கண் மீதும் சத்தியம் செய்கிறேன். இடது கண்ணைச் சேர்க்கவில்லை. அதில் இன்னும் புரை இருக்கிறது. அது பார்த்ததற்கு நான் பொறுப்பில்லை.

கதை எங்கே கிடைத்தது என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆவடியில் ஸ்டேஷனை ஒட்டிய சந்து ஒன்றில் தேவா என்பவர் டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். நான் இன்னும் உயிரோடு இருப்பதாக அரசாங்கத்துக்குக் காட்டும் சான்றிதழை நகலெடுக்கப் போனேன். என்னை உட்கார வைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். கணினியில் ஒரு பக்கம் திறந்தபடி இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். திரையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. படித்தேன்.

"நிறைவாக ஏற்புரை வழங்கிய பேராசிரியர் ஜம்புலிங்கம் அவர்கள் கண்கலங்கியபடி கூறியதாவது..."

பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் சட்டக் கல்லூரி. (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்னையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திவிடுவார்கள்.) ஓய்வுபெற்ற அரசமைப்புச் சட்ட அறிஞர் ஒருவரைப் பாராட்டி அங்கே தேசிய மாநாடு. அந்த மாநாட்டு மலரின் 287ஆம் பக்கம்தான் நான் படித்தது. தேவா திரும்பி வந்ததும், மாநாடு நன்றாக நடந்ததா என்று விசாரித்தேன்.

"இன்னும் நடக்கவே இல்ல பெரியவரே" என்றார்.

"அப்புறம் எப்படிக் கண்கலங்கினார்?"

"புக்க அன்னிக்கே மேடையில ரிலீஸ் பண்ணணுமில்ல? முன்னாடியே அடிச்சாத்தான் ஆவும். எல்லா காலேஜும் இப்படித்தான் குடுத்துகினு கீறாங்க. போன மாசம் ஒரு புக்குல நன்றியுரைக்குக் கைதட்டல் கூடப் போட்டேன்."

பஸ்ஸுக்கு முன்பதிவு உண்டு, ரயிலுக்கு உண்டு. கண்ணீருக்கும் உண்டு என்பதை என் எழுபத்தொன்பதாவது வயதில் தெரிந்துகொண்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் நாலு நாள் போயிற்று.

முதல் தொடக்கம்: "மெட்ரோ தூண்களுக்கு நடுவே சூரியன் எட்டிப் பார்க்க, பூந்தமல்லி மெல்லக் கண்விழித்து" — விட்டுவிட்டேன். பூந்தமல்லி எந்தக் காலத்தில் தூங்கிற்று, கண்விழிப்பதற்கு?

இரண்டாவது தொடக்கம்: "இந்திய அரசமைப்பின் இருபத்தோராவது உறுப்பு, உயிர் வாழும் உரிமையைச் சட்டம் வகுத்த நெறிமுறைப்படியன்றி எவரிடமிருந்தும்" — இதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது நானே தூங்கிவிட்டேன். எழுந்தபோது பேனா மூடி வாயில் இருந்தது.

மூன்றாவது தொடக்கம் ஓர் இஸ்திரி வண்டியில் ஆரம்பிக்கிறது. அதை வைத்துக்கொண்டேன்.

3

திருமுல்லைவாயிலில் ஜம்புலிங்கம் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே, வேப்பமர நிழலில் கோமளா இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள். ஐ.டி.க்குப் போகிறவர்களின் சட்டைகள் இருக்கிற வரைக்கும் அவளுக்குத் தொழில் உண்டு. இல்லாமல் போகப்போவது வீடுதான். அண்ணனூருக்கு அப்பால், பெயர்கூட இல்லாத ஒரு சித்தேரிக் கரையில், நாற்பத்து மூன்று வீடுகளில் ஒன்று அவளுடையது. முப்பத்தெட்டு வருஷமாக இருக்கிறார்கள். ஒரு காலை எல்லாக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காலி செய்ய வேண்டிய தேதி இருந்தது. யாரிடம் போய்ப் பேசலாம் என்பது இல்லை.

கரைக்காரர்கள் வக்கீல் வைத்தார்கள். ஏரியை எழுதிக் கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. இடிக்கும் முன் எங்கள் தரப்பையும் ஒருமுறை கேளுங்கள் என்றார்கள். அவ்வளவுதான் வழக்கு. அதற்கு எதிர்த்தரப்பு போட்ட பதில் மனுவில் ஒரு புத்தகம் மேற்கோளாக இருந்தது. பக்கம் 312.

[இந்த இடத்தில் கோமளாவை அழ வைக்கலாம் என்று இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில் அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையில் இரண்டையும் அடித்துவிட்டேன்.]

விழாவுக்கு வெள்ளைச் சட்டையைக் கொடுக்கக் கீழே இறங்கினார் ஜம்புலிங்கம். எழுபத்தாறு வயது. ஒல்லி. நாற்பது வருஷம் சட்டம் கற்பித்ததில், 'வணக்கம்' என்று யாராவது சொன்னால்கூட அதில் விதிவிலக்கு உண்டா என்று யோசிக்கிற முகம். கோமளா சட்டையை வாங்கிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

"சார், ஜம்புலிங்கம்னு வேற யார்னா கீறாங்களா, சட்டம் எழுதறவங்க?"

"எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்தன்தான். ஏன்?"

"அப்ப நீதானா" என்று சொல்லி, துணிமூட்டைக்கு அடியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினாள்.

தன் கையெழுத்தை அடுத்தவர் சட்டைப் பையில் பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்பு அவரே செதுக்கிச் செதுக்கி எழுதிய வாக்கியம்: 'நீர்நிலைப் புறம்போக்கில் குடியிருப்போர், வெளியேற்றப்படும் முன் தம் தரப்பைக் கேட்குமாறு கோரும் உரிமை உடையவர் அல்லர்.' அந்த 'அல்லர்' மீது அப்போது அவருக்கு எவ்வளவு பெருமை.

"எங்க கரையாண்ட வந்து பாத்துட்டு எழுதினியா?"

"இல்ல."

"ஒருத்தர்கிட்டயாவது கேட்டியா?"

"இல்லம்மா."

"கேக்காமத்தான் எழுதிகீற. எங்கள கேக்கவே வாணாம்னு எழுதிகீற. பொருத்தமாத்தான் கீது." சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். "திங்கக்கெழம கேஸு. சனிக்கெழம உனக்கு விழா. காலர நல்லா வெறப்பா வெக்கிறேன் சார். மேடையில தொங்கக் கூடாது."

ஜம்புலிங்கம் மாடி ஏறினார். லிப்ட் வேலை செய்துகொண்டிருந்தது. அவர்தான் அதில் ஏறவில்லை.

வாசகரே, அவர் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த வாக்கியம் தவறு என்பது அவருக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும். தன்னுடைய பிரதியில், அதன் ஓரத்தில், 'தவறு. யாராக இருந்தாலும் கேட்க வேண்டும்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். ஒருநாள் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு போய் நானே பார்த்தேன். வலது கண்ணால். பென்சில் குறிப்பை அவர் வெளியே சொல்லவில்லை. ஏனென்றால் அவருடைய மாணவர் ராகவன், அந்த ஒரு வாக்கியத்துக்கு அரண் கட்டித்தான் முனைவர் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டத்தில் பூந்தமல்லிக் கல்லூரியின் முதல்வர் நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியிலிருந்துதான் இந்த மாநாடு புறப்பட்டது. அடியில் இருக்கும் செங்கலை உருவ ஆசிரியருக்கு மனம் வரவில்லை. அதோடு, மனிதருக்குப் பாராட்டும் பிடிக்கும்.

4

'அரசமைப்புச் சட்டம்: நேற்று, இன்று, பேராசிரியர் ஜம்புலிங்கம்.' இதுதான் மாநாட்டின் தலைப்பு. பேனர் ஒரு பனைமர நீளம்.

மேடையில் முப்பத்தொரு நாற்காலி. கீழே வந்திருந்தவர்கள் இருநூற்று அறுபது பேர், பெரும்பாலும் பல ஊர்க் கல்லூரிகளின் உதவிப் பேராசிரியர்கள். காலையில் பொன்னாடைகள் தொடங்கின. இருபதாவது பொன்னாடையில் ஜம்புலிங்கத்தின் கழுத்து மறைந்தது. முப்பதில் கண்ணாடி மறைந்தது. நாற்பதுக்கு மேல் வந்தவர்கள் எது விழா நாயகர் எது நாற்காலி என்று தெரியாமல், இரண்டுக்கும் பொதுவாகப் போர்த்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்து ஓர் இருமல் வந்ததும்தான் ஆளைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தார்கள்.

(அடிக்குறிப்பு: இதை மிகை என்று நினைப்பவர்கள் மாநாடுகளுக்குப் போனதில்லை.)

அப்புறம் கட்டுரைகள். ஆளுக்கு ஏழு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் மேடையில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லவே போயிற்று. ஓர் அம்மையார் மின்சார ரயிலில் நின்றபடியே செல்போன் வழியாகக் கட்டுரை படித்தார். சிக்னலில் ரயில் நின்றபோது கட்டுரையும் நின்றது. ரயில் புறப்பட்டதும் முடிவுரை வந்துவிட்டது. ஜம்புலிங்கம் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். அதுவரை படிக்கப்பட்ட பன்னிரண்டு கட்டுரைகளில் ஒன்பது, அவருடைய 312ஆம் பக்கத்து வாக்கியத்தைப் போற்றின.

பகல் பன்னிரண்டரைக்கு மலரை வெளியிட்டார்கள். முதல் பிரதி அவர் கைக்கு வந்தது. எந்தப் புத்தகத்தையும் கடைசியிலிருந்து புரட்டுவது அவர் வழக்கம். 287ஆம் பக்கத்தில், சாயங்காலம் தான் பேசப்போவதை அவர் படித்தார்.

கண்கலங்கியிருந்தார். தழுதழுத்திருந்தார். 'அன்று நான் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட இன்றும் மாற்ற மாட்டேன். ஏரிக்கரைகளில் குடியிருப்போரைக் கேட்கத் தேவையில்லை என்ற என் நிலை முன்னெப்போதையும்விட உறுதியானது' என்று கூறியிருந்தார். அவை எழுந்து நின்று நான்கு நிமிடம் கைதட்டியிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'மாநாட்டில் நிறைவேற்றப்பட்ட தீர்மானம் 1: மேற்கண்ட நிலையை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும்.'

இந்தப் புத்தகம் திங்கட்கிழமை யாருடைய கையில் இருக்கும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

5

சாப்பாட்டு நேரம். ராகவனை அவருடைய அறையில் பிடித்தார். ராகவன் கெட்டிக்காரர், ஆசிரியர் மேல் உண்மையான பக்தி உள்ளவர். அதுதான் ஆபத்து.

[ராகவனை வில்லனாக எழுதிப் பார்த்தேன். மீசை முறுக்கவே தெரியவில்லை அவருக்கு. நல்லவராகவே விட்டுவிட்டேன். நல்லவரோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.]

"ராகவா, இதை நான் சொல்லலையேப்பா."

"சாயங்காலம் சொல்லப் போறீங்க சார்."

"மாட்டேன். அந்த வாக்கியம் தப்பு. எனக்குப் பதினொரு வருஷமாத் தெரியும்."

ராகவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்புறம் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மலர் அச்சாகிவிட்டது. அதற்குப் புத்தகப் பதிவு எண் வாங்கியாகிவிட்டது. டெல்லிக்குப் பிரதி போய்விட்டது. மூன்று மணிக்குச் சான்றிதழ் கொடுத்ததும் கூட்டம் கலைந்துவிடும். ஏற்புரை ஐந்து மணிக்கு. அப்போது இருக்கப்போவது மைக்செட்டுக்காரர் மட்டும்தான். கடைசியாக, மெதுவாக, அந்த வாக்கியம் போனால் என் பட்டமும் போகும், அப்புறம் என் பிள்ளைகளுக்கு நான் யார் சார் என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ஜம்புலிங்கத்துக்கு வலித்தது. வலித்தாலும் அவர் சொன்னது இது:

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா நீங்க வேண்டாம்னுடுவீங்களோன்னு பயந்தேன் சார்."

அந்த நொடியில் பேராசிரியருக்கு ஒன்று புரிந்தது. அரசமைப்புச் சட்டத்தை நாற்பது வருஷம் கற்பித்தும் புரியாதது அது. கேட்காமல் எழுதுகிறவன் எப்போதுமே பதில் தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறான்.

("ஆகா, நல்ல வாக்கியம்" என்று நானே தொடையில் தட்டிக்கொண்டேன். அதனாலேயே இதை அடித்துவிடலாம் என்றும் தோன்றியது. இருக்கட்டும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.)

6

இனி சான்றிதழ்களைப் பற்றி.

இருநூற்று அறுபது பேரும் எதற்காக வந்திருந்தார்கள்? அறிவுக்காக என்று சொன்னால் என் சத்தியம் கெட்டுப்போகும். பதவி உயர்வுக்குப் புள்ளிகள் வேண்டும். புள்ளிக்குச் சான்றிதழ் வேண்டும். இந்த மாநாட்டுக்கு மதிப்புக் கூடட்டும் என்று ராகவன் ஒரு புதுமை செய்திருந்தார். ஒவ்வொரு சான்றிதழிலும் விழா நாயகரே தன் கையால் கையெழுத்துப் போடுவார். கட்டு முழுவதும் ஜம்புலிங்கத்தின் மேஜையில் வந்து இறங்கியது. சாப்பாடு முடிவதற்குள் போட்டுத் தரும்படி கேட்டுக்கொண்டார்கள்.

அவர் ஒன்றில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. மூன்று மணிக்குக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடை ஏறினார். நடு நாற்காலியில் அதை வைத்தார். அதன் மேல் உட்கார்ந்தார். திடீரென்று ஓர் அடி உயர்ந்துவிட்டார். முப்பத்தொரு நாற்காலிகளுக்கு நடுவே அவர் தலை மட்டும் தனியாகத் தெரிந்தது.

"என் பேச்சு ஐந்து மணிக்கு இல்லை, இப்போது" என்றார் மைக்கில். "கேட்டபிறகு கையெழுத்து."

ராகவன் ஓடி வந்தார். நிகழ்ச்சி நிரல், நேரமின்மை என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அரங்கத்திலிருந்து, அரக்கோணத்துக்கு ரயில் பிடிக்க வேண்டிய ஒருவர் எழுந்து, சார் பேசட்டும், சீக்கிரம் பேசட்டும் என்றார். இருநூற்று அறுபது பேரும் ஆமோதித்தார்கள். அரசமைப்பின் மீது இத்தனை பேருக்கு இத்தனை அக்கறை இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

[கோமளாவை இந்த அரங்கத்தின் பின்வாசலில் நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைக்க வைக்கலாமா என்று யோசித்தேன். சனிக்கிழமை அவளுக்கு எழுபது சட்டை இருக்கிறது. வரமாட்டாள். ஏன் வர வேண்டும்?]

ஜம்புலிங்கம் நீளமாகப் பேசவில்லை. கண் வறண்டே இருந்தது.

"முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் எழுதியது தவறு. தவறு என்று தெரிந்தும் பதினொரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடத் தவறு. இன்று மதியம், நான் பேசாததை நான் பேசியதாக அச்சில் படித்தேன். என்னைக் கேட்காமல் என் முடிவை எழுதிவிட்டார்கள். எனக்கு அதனால் ஒரு மத்தியானம் கெட்டது. ஏரிக்கரையில் நாற்பத்து மூன்று வீடு போகும். யாராக இருந்தாலும் முதலில் கேளுங்கள். கேட்டபிறகு இடிக்க உங்களிடம் சட்டம் இருந்தால், அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்."

பிறகு வேலையைச் சொன்னார். பத்திரத்தில் திருத்தம் வந்தால் என்ன செய்வோம்? அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவோம். அதேதான். ஒவ்வொருவரும் தன் மலரில் 287ஆம் பக்கத்து ஏற்புரையையும் தீர்மானத்தையும் அடித்து, ஓரத்தில் 'கூறியதாகச் சொல்லப்படுபவர் மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். அவர் அதற்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவார். அதன் பிறகு சான்றிதழ்.

வரிசை மேடையிலிருந்து இறங்கி, அரங்கத்தைச் சுற்றி, வாசலைத் தாண்டி, பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தடுப்புத் தகரம் வரை நின்றது. மேடையில் இருந்த முப்பது பிரமுகர்களும் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் புள்ளி வேண்டியிருந்தது. ஒவ்வொருவர் அடிக்கும்போதும் பேனா தாளில் இழுபடும் சத்தம். ஜம்புலிங்கத்தின் கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஒரு சான்றிதழ் எடுக்க ஒவ்வொரு முறையும் எழுந்து, எடுத்து, மறுபடி உட்கார்ந்தார். இருநூற்றுத் தொண்ணூறு முறை. அந்த வயதில். காலர் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை.

ராகவன் வரிசையில் சேரவில்லை. தூணோரம் தன் பிரதியைப் பிடித்தபடி நின்றார்.

7

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ராகவன் என்ன செய்தார்?

முடிவு ஒன்று: கடைசி ஆளாக வந்தார். பிரதியை நீட்டினார். ஆசிரியரே பேனாவைக் கொடுத்தார். மாணவர் அடித்தார். இருவரும் கட்டித் தழுவி — அடித்துவிட்டேன். அந்தப் பொன்னாடைகளோடு ஒருவரை யாராலும் தழுவ முடியாது.

முடிவு இரண்டு: மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். அரங்கம் இருண்டது. இருநூற்று அறுபது செல்போன் விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் மனிதர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே — இதை எழுதியபோது மிக அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக இருந்ததால் நம்பிக்கை போய்விட்டது.

முடிவு மூன்று: ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போய், அடுத்த வாரமே மலரைப் பழையபடி மறுபதிப்புச் செய்ய உத்தரவிட்டார். இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அதனாலேயே எழுத மறுக்கிறேன். நடக்கக்கூடியது என்பதற்காக ஒன்றை நான் அச்சில் ஏற்றிக் கொடுக்க வேண்டுமா?

திங்கட்கிழமை வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தெரியாது. அடிக்கப்பட்ட பிரதி ஒன்று கோமளாவின் வக்கீல் கைக்குப் போனால், எதிர்த்தரப்பு அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டும்போது அவர் இதைத் தூக்கிக் காட்டலாம். நீதிபதி கேட்கலாம். கேட்காமலும் போகலாம். புத்தகம் சட்டமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாற்பத்து மூன்று வீடுகளுக்கு எதிராக அது இத்தனை வருஷம் சட்டம் மாதிரிதான் நடந்துகொண்டது. ஒரே ஒரு நாள் எதிர்ப்பக்கம் நடக்கட்டுமே.

இந்தக் கதையை ஆவடிக் கடையில் கொடுத்து மூன்று படி எடுத்தேன். தேவா படித்துவிட்டு, "பெரியவரே, இது வம்பாயிடும்" என்றார். ஆகட்டும் என்றேன். ஒன்று, திருமுல்லைவாயிலில் இரண்டாம் மாடிக் கதவுக்கு அடியில் தள்ளப்பட்டிருக்கிறது. ஒன்று ராகவனுக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது. ஏழாம் பகுதியை யார் எப்படி முடிப்பது என்பதை இனி நீங்கள் மூவரும் பார்த்துக்கொள்ளுங்கள். என் வேலை முடிந்தது.

மாநாடு வருகிற சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு.